ஸ்கேனுக்குப் போன துவர்த்து

மைனி,

இன்று காலை ஸ்கேனுக்குப் பை எடுத்து வைக்கும்போது உங்கள் துவர்த்து கைக்கு வந்தது. பாலராமபுரத்தில் நீங்கள் வாங்கிய பச்சைக்கரைத் துண்டு. துவைத்துத் துவைத்து மெலிந்துபோனாலும் ஈரத்தை இன்னும் நன்றாக உறிஞ்சும். பழைய ரிப்போர்ட்டுகள், தண்ணீர் பாட்டில் எல்லாம் வைத்த பிறகு அதை மடித்து மேலாக வைத்தேன். வயிற்றில் தடவும் அந்தக் குளிர்ந்த பசையைத் துடைக்க அங்கே தரும் காகிதம் உதவாது என்று சொன்னது நீங்கள்தானே. "அந்தக் காயிதம் வயித்துல ஒட்டிப் பிடிச்சுக்கிடும் பிள்ளே. துவர்த்துதான் கொள்ளாம்."

எனக்கு ஐந்தாம் மாதம், மைனி. போன தடவை மூன்றாம் மாதத்தோடு கலைந்துபோனது. அது நீங்கள் போன பிறகு நடந்தது, உங்களுக்குத் தெரியாது. அதனால் இந்த முறை இந்த ஸ்கேன் முடியும்வரை அக்கம்பக்கத்தில் வாய் திறப்பதில்லை என்று இருந்தேன். பிள்ளையின் தலை, இதயம், முதுகெலும்பு, கை, கால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கிற ஸ்கேன். அது நல்லபடியாக முடிய வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பு ஓடவில்லை. கூடவே உங்கள் மேல் ஒரு கோபமும் உண்டு. "உனக்க ஸ்கேனுக்கு நான் வாறேன், ஆக்கும்" என்று நெய்யாற்றின்கரைச் சாயாக்கடையில் உட்கார்ந்து சொன்னவர் நீங்கள். சொல்லிவிட்டு ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

அன்று உங்கள் ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு நாம் தயாரான அழகு இருக்கிறதே! முன்னே ரத்தம் எடுப்பதற்குப் பட்டினி இருக்கச் சொன்னார்கள். முதல் ஸ்கேனுக்கு வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று நீங்கள் இரண்டையும் சேர்த்துச் செய்தீர்கள். கல்யாணமாகாத நாத்தனாருக்கு அதில் என்ன தெரியும்? உங்களுக்குத் துணையாக நானும் பட்டினி. பாறசாலையில் பஸ் ஏறும்போதே பாட்டில் காலி. பஸ் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் என் கையைப் பிடித்து நசுக்கினீர்கள். "மக்கா, டிரைவர்ட்ட பைய போவச் சொல்லு. இல்லேண்ணா இங்கயே ஆறு ஓடும்." முன்சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்ததும் உங்களுக்கு இன்னும் சிரிப்பு வந்து, சிரிக்கவும் முடியாமல் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அங்கே நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். இந்த ஸ்கேனுக்குப் பட்டினியும் வேண்டாம், அத்தனை தண்ணீரும் வேண்டாமாம். முதலில் கழிப்பறைக்குப் போகச் சொன்னாள். அதன்பிறகு பார்த்தால் பிள்ளை நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது. முகமும் தெரியவில்லை, இதயமும் தெரியவில்லை. "வாவே, ஒந்நு திரிஞ்ஞு கிடந்நே" என்று திரும்பிப் படுக்கச் சொல்லி டாக்டர் மலையாளத்தில் கொஞ்சிப் பார்த்தார். அசைவே இல்லை. நீங்கள் படுத்தபடியே சொன்னீர்கள்: "டாக்டரே, இதுக்கு மலையாளம் அறியாது. வீட்டுல எல்லாரும் தமிழாக்கும்." டாக்டர் சிரித்துவிட்டு, போய் ஏதாவது சாப்பிட்டுச் சற்று நடந்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார்.

அப்படித்தான் அந்தச் சாயாக்கடைக்குப் போனோம். நேந்திரம்பழத்தைப் பொரித்த ஏத்தங்காயப்பமும் இனிப்புத் தூக்கலான சாயாவும். நீங்கள் தின்ற வேகத்தில் எனக்கு வாங்கியதும் உங்கள் கைக்குப் போனது. வயிற்றைத் தட்டி, "எலே மக்கா, திரும்பிக் கெட. உனக்க மூஞ்சியப் பாக்கண்டாமா?" என்றீர்கள். திரும்பிப் போனபோது அது திரும்பித்தான் கிடந்தது. ஆனால் டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டு ஒன்றுமே பேசவில்லை. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள்தான் என்னைத் தேற்றினீர்கள், வயிற்றைத் திறந்துபோட்டுக்கொண்டு. "அவங்க மிண்டாம இருந்தா பயப்படாதே பிள்ளே. நல்லா பாக்கதுக்காக்கும் மிண்டாம இருக்கது."

இன்று உங்கள் மகளும் வந்தாள். பள்ளிக்கூடம் லீவு. வரக் கூடாது என்றால் ஆட்டோவில் முதலில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அண்ணன்தான் ஓட்டினான். என் வீட்டுக்காரருக்குப் பூவாரில் சுற்றுலாப் படகோட்டம், முன்பே சொல்லிவைத்த ஆட்கள் என்பதால் விட முடியவில்லை. வழியெல்லாம் போன் செய்துகொண்டே இருந்தார். அதே ஸ்கேன் சென்டர்தான், மைனி. அண்ணன் வாசலோடு நின்றுவிட்டான். "நான் வண்டியப் பாத்துக்கிடுதேன், நீங்க போங்க" என்றான். அவனுடைய ஆட்டோவை யார் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள்? நானும் வற்புறுத்தவில்லை.

நான் ஒழுங்காக இட்லி தின்று, அளவாகத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போயிருந்தேன். என்ன பிரயோஜனம்? பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். புது டாக்டர், சின்ன வயது, என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நடந்நிட்டு வரூ" என்றார்.

அதே கடை, அதே ஏத்தங்காயப்பம். நம் கதை உங்கள் மகளுக்கு மனப்பாடம். அவளுக்கு ஒரே சந்தேகம்தான், பெண்பிள்ளையான தன்னை நீங்கள் ஏன் "எலே" என்று விளித்தீர்கள் என்று. உங்களுக்குப் பூனையும் எலே, நானும் எலே என்று சொல்லியிருக்கிறேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு என் வயிற்றுக்குப் பக்கத்தில் குனிந்தாள். "அத்தை, நான் ரெண்டுலயும் சொல்லிப் பாக்கேன்" என்று முதலில் மலையாளத்தில் சொன்னாள். பிறகு, "எலே மக்கா, திரும்பிக் கெட" என்றாள். நீங்கள் போனபோது அவள் கைக்குழந்தை, உங்கள் குரல் அவளுக்கு ஞாபகம் இருக்க வழியில்லை. நான் சொல்லிக் கேட்டதுதான். ஆனால் அந்த இழுப்பு உங்களுடையது. எனக்கு அழுகை வந்தது. கடைக்காரர் வலி எடுத்துவிட்டது என்று பயந்து ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

மறுபடி போய்ப் படுத்தேன். பிள்ளை திரும்பியிருந்தது. இந்த டாக்டரும் பேசவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. போன தடவை திரையில் துடிப்பைத் தேடியபோதும் அந்த அறை இப்படித்தான் அமைதியாக இருந்தது. துவர்த்தை இறுகப் பிடித்துக்கொண்டு, நல்லா பாக்கதுக்காக்கும், நல்லா பாக்கதுக்காக்கும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் டாக்டர் திரையை என் பக்கம் திருப்பி, "எல்லாம் நன்னாயிட்டுண்டு" என்றார். வெளியே நின்ற உங்கள் மகளையும் கூப்பிட்டுக் காட்டினார். அவள் கண் கொட்டாமல் பார்த்துவிட்டு, "மூக்கு அப்பாவுக்க மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டாள். அண்ணன் மூக்கு என்றால் கொஞ்சம் கவலைதான்.

அண்ணன் ஆட்டோவுக்குள் ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். திரும்பாமலே கேட்டான், "எல்லாம் உண்டா?"

"எல்லாம் உண்டு அண்ணா."

பையின் மேல் கிடந்த துவர்த்தை அப்போதுதான் பார்த்தான். கை நீட்டி எடுத்தான். அதில் பசை இருக்கிறது என்று சொல்லப்போனேன், அதற்குள் முகத்தைப் புதைத்துவிட்டான். வெகுநேரம் கழித்து முகமெல்லாம் பசையோடு நிமிர்ந்து ஆட்டோவைக் கிளப்பினான். உங்கள் மகள் பாறசாலைவரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

துவர்த்தை அலசிக் கொடியில் போட்டிருக்கிறேன், மைனி. காய்ந்ததும் அலமாரியில் எடுத்து வைப்பேன். உங்கள் மகளுக்கும் ஒருநாள் அது வேண்டிவரும். அன்றைக்கு அவளோடு நான் வாறேன், ஆக்கும்.