கங்காணி வேஷம்

ஜனவரி 11, ஞாயிறு

காலையில் மூடுபனி. முன்னால் போன பஸ்ஸின் பின்விளக்குகூடத் தெரியவில்லை. எங்கள் லேபர் கேம்ப்பிலிருந்து ஒரு மணி நேரம், நடுப் பாலைவனம். சினிமா செட்டில் பூச்சு வேலை இன்றோடு முடிந்தது. மாதா கோயில், மணிக்கூண்டு, சாமியார் வீடு, சுற்றுமதில். பார்த்தால் மண்சுவர், தட்டினால் தெர்மாகோல். அந்தக் காலத்தில் ஸ்பெயின்காரர்கள் கலிபோர்னியாவில் கட்டியதாம். அதை ஏன் இந்த அரபு நாட்டில் வந்து எடுக்கிறார்கள்? தெரியவில்லை.

சாப்பாட்டுக்கு முன் எங்கள் ஃபோர்மேன் தங்கராஜ் எல்லோரையும் சட்டையைக் கழற்றி நிற்கச் சொன்னார். ஒரு வெள்ளைக்கார அம்மா பழுப்பு அட்டையைத் தோளோடு வைத்து நிறம் பார்த்துக்கொண்டே போனாள். கருத்தவர்கள், ஒல்லியானவர்கள் இடது பக்கம். அந்த ஊர்ப் பழங்குடிகளாக நடிக்க. முதல் ஆளே காளியப்பன் அண்ணன். என் கீழ்க் கட்டில்காரர். இருவருக்கும் அரியலூர்ப் பக்கம்.

அண்ணனுக்குச் சந்தோஷம்தான். மகள் கல்யாணம் பிப்ரவரி 8. எத்தனையோ தடவை கேட்டும் கிடைக்காத லீவு. இந்த வேலையை முடித்துக் கொடுத்தால் மாதக் கடைசியில் ஊருக்கு அனுப்புவதாக ஃபோர்மேன் சொல்லிவிட்டார்.

வாங்க: சோப்பு, ரேசர், தலைவலித் தைலம்.

ஜனவரி 12, திங்கள்

குளிர். இடுப்பில் ஒரு துணி, மேலே முரட்டுக் கம்பளி. காலில் ஒன்றுமில்லை. ஞானஸ்நானக் காட்சி. சாமியாராக நடிப்பவர் ஒவ்வொருவர் தலையிலும் தண்ணீர் ஊற்றிப் புதுப் பெயர் வைத்தார். கா. அண்ணன் பெத்ரோ. திரும்பத் திரும்ப எடுத்ததில் அண்ணனுக்கு உதடு நீலம்.

நித்யா என்று உதவி டைரக்டர். கோயம்புத்தூர்க்காரர்கள் மகள், துபாயில் வளர்ந்தவள். அவள்தான் எங்களுக்குக் கதை சொல்பவள். முதலில் ஸ்பெயின்காரர்கள் கப்பலில் வந்து கரையைப் பார்த்துவிட்டுப் போனார்களாம். ரொம்ப வருடம் கழித்துச் சாமியார்களும் சிப்பாய்களும் வந்து கோயில் கட்டினார்களாம். தண்ணீர் ஊற்றிக்கொண்டவன் அப்புறம் அந்த மதிலைத் தாண்டக் கூடாது. உழவு, மாடு, செங்கல். மணி அடித்தால் எழ வேண்டும், மணி அடித்தால் படுக்க வேண்டும். ஓடினால் சிப்பாய்கள் பிடித்து வருவார்கள்.

அண்ணன் கேட்டார்: "ஓடுனவங்க யாராச்சும் தப்பிச்சாங்களாம்மா?"

"கொஞ்சம் பேர், அங்கிள். மிச்சவங்க நிறையப் பேர் உள்ளேயே செத்துட்டாங்க. டிசீஸ்."

சாயங்காலம் பஸ்ஸில் எல்லோரும் அவரைப் பெத்ரோ என்றே கூப்பிட்டார்கள். நானும்தான். அண்ணன் திரும்பவில்லை.

ஜனவரி 13, செவ்வாய்

எனக்கு வேறு வேஷம். உயரம் இருப்பதால். பழங்குடிகளிலேயே ஒருவனைப் பிடித்து மற்றவர்களை மேய்க்க வைப்பார்களாம். அதற்கு என்னவோ ஸ்பானிஷ் பெயர் சொன்னாள் நித்யா. "கங்காணின்னு சொல்லு" என்றார் கா. அண்ணன்.

கொடுத்தது: வெள்ளைச் சட்டை, கால்சட்டை, தோல் செருப்பு, தொப்பி, கைத்தடி.

சாப்பாடு டெக்னீஷியன்களோடு. உட்கார நாற்காலி. கோழி, பழம், சூடாகக் காப்பி. நம் ஆட்கள் மணலில் குத்தவைத்துக் குப்பூஸ் ரொட்டி தின்பது அங்கிருந்து தெரிந்தது. பழம் ஒன்றை அண்ணனுக்குக் கொண்டுபோக நினைத்தேன். நானே தின்றுவிட்டேன்.

செருப்பு நல்ல செருப்பு.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். லீவு இல்லை. காலையில் வீட்டுக்கு ஒரு நிமிடம் பேசினேன், பஸ் வந்துவிட்டது.

இன்றைய காட்சி: ஓடிப்போன பெத்ரோவைப் பிடித்து வந்து கோயில் வாசலில் கட்டி, கங்காணி சாட்டையால் அடிக்கிறான். சாட்டை துணியால் செய்தது, படுவதே தெரியாது. காலையிலிருந்து எடுத்தும் டைரக்டருக்குத் திருப்தி இல்லை. அடி வாங்குகிறவன் முகத்தில் ஒன்றும் இல்லை என்கிறார். அண்ணன் தன்னால் முடிந்தவரை முகத்தைச் சுளித்துப் பார்த்தார். சிலர் சிரித்துவிட்டார்கள்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஃபோர்மேன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். கையில் நிஜச் சாட்டை, தோல். கேமராவில் கிட்டத்தில் காட்டுவதற்காக வைத்திருந்தது.

"ஒண்ணே ஒண்ணு நெசமா வையிடே. இல்லேன்னா நாளைக்கும் இதுதான்."

"அண்ணன்கிட்டச் சொல்லிட்டீங்களா?"

"சொன்னா எப்பிடிடே மொகத்துல வரும்?"

அடித்தேன். அண்ணன் போட்ட சத்தம் அவருடைய சத்தம் மாதிரியே இல்லை. கட் சொல்லவில்லை. மறுபடி அடித்தேன். மறுபடியும். நாலாவது அடிக்கு முன்னாலேயே கட் சொல்லியாகிவிட்டது. எனக்குக் கேட்டது. கை நிற்கவில்லை.

எல்லோரும் கை தட்டினார்கள். டைரக்டர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார். நித்யா தட்டவில்லை. முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணனிடம் ஓடினாள்.

ரூமில் அண்ணன் குப்புறப் படுத்திருந்தார். மருந்து நான்தான் தடவினேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. தலையணையில் முகத்தை வைத்தபடியே கேட்டார்.

"கட்டுன்னு சொன்னப்புறம் எதுக்குடா அடிச்ச?"

மருந்து டப்பாவை மூடிவைத்தேன்.

ஜனவரி 17, சனி

மறுபடி மூடுபனி. மேக்கப் பெண்ணுக்கு வேலை மிச்சம், அண்ணன் முதுகில் வரைய வேண்டியதில்லை. கண்ணாடி காட்டி ஏதோ சிரித்துப் பேசினாள். அண்ணனும் சிரித்தார்.

பத்து மணிக்கு ஃபோர்மேன் வந்து சொன்னது: டைரக்டருக்கு அண்ணன் முகம் பிடித்துவிட்டது. கதையில் பெத்ரோவுக்கு இன்னும் காட்சிகள் சேர்க்கிறார்கள். பிப்ரவரி பாதி வரை ஆள் வேண்டும். லீவு கேன்சல்.

"கல்யாணத்தைப் போன்ல பாத்துக்கிடும். இப்ப எல்லாரும் அப்பிடித்தான் பாக்கான்."

கா. அண்ணன் சரி என்றார். ஒன்றுக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். வரவில்லை. கம்பளியும் இடுப்புத் துணியுமாகவே நடந்திருக்கிறார். பாஸ்போர்ட் கம்பெனி வசம், போன் ரூமில்.

ஃபோர்மேன் பிக்கப் வண்டிச் சாவியை என்னிடம் எறிந்தார். நீ போனால்தான் வருவான் என்றார். வேஷத்தை மாற்ற நேரமில்லை.

ஹைவேக்குப் போகும் மண் ரோட்டில் பார்த்தேன். வெறுங்காலோடு வேகமாக நடந்துகொண்டிருந்தார். பக்கத்தில் வண்டியை ஓட்டிக்கொண்டே கண்ணாடியை இறக்கினேன்.

"அண்ணே, ஏறுங்க. போலீஸ் புடிச்சா ஊருக்கே போக முடியாது."

நடந்தார்.

"உங்களை விட்டுட்டுப் போனா என் வேலையும் போயிரும்ணே."

அதற்குத்தான் நின்றார். என்னைப் பார்த்தார், தொப்பியிலிருந்து செருப்பு வரை. பிறகு பின்னால் போய், சாமான் ஏற்றும் இடத்தில் ஏறி உட்கார்ந்தார். முன் சீட் காலியாகத்தான் இருந்தது. வண்டியைத் திருப்பினேன்.

செட்டில் இறங்கியதும் ஃபோர்மேன் அவரை ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் சபாஷ் என்றார்.

பிப்ரவரி 8, ஞாயிறு

காற்று, புழுதி. ஷூட்டிங் மதியத்துக்கு மேல்தான்.

முகூர்த்தம் ஊர் நேரப்படி ஒன்பதுக்கு மேல். கா. அண்ணன் விடியும் முன்பே குளித்து வேட்டி கட்டி, போனைச் சுவரில் சாய்த்துவைத்து உட்கார்ந்துவிட்டார். ரூம் ஆட்கள் சுற்றி நின்றார்கள். நான் கதவோரம். அங்கே போன் பிடித்தவனுக்குக் கை நிற்கவில்லை, பாதி நேரம் பந்தல் துணிதான் தெரிந்தது. மேளச் சத்தம் கேட்டது. தாலி கட்டும்போது படம் நின்றுவிட்டது. மறுபடி வந்தபோது எல்லோரும் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். மகள் போனில் வந்து அப்பா என்றாள். அண்ணன் "நல்லாருக்க சாமி" என்றார். முதுகு அரித்திருக்க வேண்டும், கை பின்னால் போனது, பாதியில் எடுத்துக்கொண்டார்.

அப்புறம் கடையில் வாங்கி வைத்திருந்த லட்டை எல்லோருக்கும் கொடுத்தார். ஒவ்வொருவர் கையிலும். என் பங்கை என் கட்டில் மேல் வைத்துவிட்டுப் போனார்.

தின்றேன்.