குளத்தின் பன்னிரண்டு மணி நிறம்

மார்ச் 4, திங்கள்

காலை 6.45. படம் எண் 31; ஊர்க் குளத்தைப் பாசி மூடுவதைப் பதிய நாளுக்கு ஒன்று. கிழக்குப் படி, மூன்றாம் கல், நீரோரம் மர அளவுகோல். பாசிப்படலம் பச்சை; நேற்றைவிட ஒரு சாண் அகலம். ஆகாயத்தாமரை நான்கு கூடியிருக்கிறது. படம் சற்று மங்கல். என் கை அசைந்ததா, தண்ணீர் அசைந்ததா?

மார்ச் 6

மருதாத்தாளின் மாடுகள் இரண்டு நாளாகக் குளத்தில் வாய் வைப்பதில்லையாம். தண்ணீர் செங்கல் நிறமாம். மேட்டுக் கொட்டகையில் கோலப்பொடிக்குச் சாயம் கலக்கும் சாந்தம்மாள், சட்டிகளை இங்கே கழுவுகிறாள் என்று பேச்சு. “எங்கூட்டுப் பைப்புலதானுங்க கழுவறேன். ஆரு நம்பறாங்க?” என்றாள் என்னிடம். திங்களன்று பஞ்சாயத்து மெம்பர் வனிதா வந்து கொட்டகையைப் பூட்டப்போகிறார். சாந்தம்மாளுக்கு வேறு பிழைப்பு இல்லை.

என்னிடம் முப்பத்து மூன்று படங்கள். ஒன்றில்கூடச் சிவப்பு இல்லை.

மார்ச் 7

படங்களை வனிதாவிடம் காட்டினேன். “நேத்து மத்தியானம் என் கண்ணால பாத்தனுங்க சார். செவச்செவன்னு கிடந்துது.” பிறகு நேரத்தைப் பார்த்தார். 6.45, 6.45, 6.45. “நடுப்பகல்ல ஒண்ணுகூட எடுக்கலீங்களா?”

காலை வெளிச்சம் சீரானது என்று குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் காரணம் எழுதியிருக்கிறேன். பொய். அந்நேரம் படியில் யாரும் இருக்கமாட்டார்கள், என்ன எடுக்கிறீர்கள் என்று கேட்கமாட்டார்கள் — அவ்வளவுதான். இதற்குப் பெயர் ஒழுங்குமுறையா?

மார்ச் 8

நாள் முழுக்கக் குடையோடு குளத்தில். 7 மணி பச்சை. 9.30 பழுப்பு. 12 செங்கல். மாலை 6 மணிக்கு மறுபடி பச்சை. கொட்டிய சாயம் சாயங்காலம் எங்கே போகும்?

மார்ச் 9

பழைய பாடப்புத்தகத்தில் அகப்பட்டது. யூக்ளினா என்னும் ஒற்றைச்செல் நீர்ப்பாசியில் ஒரு வகை, வெயில் ஏறினால் உள்ளிருக்கும் சிவப்பை உடம்பின் மேல்புறம் பரப்பிக்கொள்ளும். நிழலில் உள்ளே இழுத்துக்கொள்ளும். முப்பது வருடம் உயிரியல் நடத்தியவன் இதை எப்படி மறந்தேன்?

நண்பகலில் ஒரே குவளைத் தண்ணீரை இரண்டு எவர்சில்வர் தட்டுகளில் ஊற்றி, ஒன்றின்மேல் குடையை விரித்தேன். நாற்பது நிமிடத்தில் நிழல்தட்டு பச்சை. இரண்டாம் முறையும் அப்படியே. வனிதாவுக்குப் போன் செய்தேன். பூட்டுவதற்கு முன் குளத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 10

நாளை வானம் மூடாமல் இருக்க வேண்டும்.

மார்ச் 11, திங்கள்

பன்னிரண்டு மணி. பதினான்கு பேர். இரண்டு தட்டிலும் செங்கல் நிறத் தண்ணீர், ஒன்றின்மேல் குடை. இருபது நிமிடமாகியும் மாற்றமில்லை. “மந்தரத்துல பாதிய மறந்துட்டீங்களா சார்?” என்றார் கூட்டத்திலிருந்த கந்தப்பன். சிரித்தார்கள். எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட — போகவில்லை.

12.45க்குக் குடையை எடுத்தேன்.

நிழல்தட்டு பச்சை, வெயில்தட்டு சிவப்பு. வனிதா பச்சைத் தட்டைத் தூக்கி, சிவப்புத் தட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பூட்டைத் திரும்பப் பைக்குள் போட்டார். “அப்ப மாடு குடிக்கலாமுங்களா?” என்றாள் மருதாத்தாள். தெரியாது, மாட்டு டாக்டரைக் கேட்கும்வரை வேண்டாம் என்றேன். தெரியாது என்று சொல்லக் கூச்சமாக இல்லை.

மார்ச் 12

பகல் 12. படம் எண் 52. அளவுகோலைப் பிடித்தவள் சாந்தம்மாள். விரலெல்லாம் பொடியின் சிவப்பு. ஒரு துகள்கூடத் தண்ணீரில் படாமல் விரல்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். படியில் ஆறு பேர். பதினோரு கேள்வி கேட்டார்கள். ஏழுக்குப் பதில் தெரிந்தது.