யார் பெயரிலும் இல்லாத நிலம்

இன்று காலை குளியலறைக்குப் போனால் கல்லைக் காணவில்லை. நீங்கள் குதிகால் தேய்க்கிற அந்தக் கறுப்புக் கல். குழாயடியில் சோப்பு டப்பாவுக்குப் பக்கத்தில்தான் எப்போதும் கிடக்கும். தேடிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். உங்கள் படத்துக்குக் கீழே, பித்தளைத் தட்டில், மூன்று பட்டை விபூதியும் நடுவில் குங்குமமுமாக உட்கார்ந்திருந்தது. மேலே ஒரு செம்பருத்தி வேறு.

உங்கள் அக்கா வேலை. நாளைக்கு உங்கள் முதல் திவசம் என்று நேற்றே குடவாசலிலிருந்து வந்துவிட்டார்.

"மலையிலேர்ந்து கொண்டாந்த லிங்கத்தைக் கொண்டுபோயி குழாயடியில போட்டு வச்சிருக்கியே, உனக்கு நெஞ்சுல பயமே கெடையாதா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கல்லைக் கும்பிடாதீர்கள் என்று ஊர் ஊராக மேடையேறிப் பேசிய மனுஷர் நீங்கள். உங்கள் கால் அழுக்கை எடுத்த கல்லுக்கே பூ வைத்தாயிற்று. நீங்கள் இருந்திருந்தால் இதை வைத்தே நாலு கூட்டத்தை ஓட்டியிருப்பீர்கள்.

சிரித்ததில் அக்காவின் முகம் மாறிவிட்டது. "சிரி, நல்லா சிரி. ஒழுங்கா திருக்கடையூர் போயி அறுபதாங் கல்யாணம் பண்ணியிருந்தா என் தம்பி இன்னைக்கு இந்த நாக்காலியில உக்காந்திருப்பான். எமனையே எட்டி ஒதச்ச சாமி இருக்கற ஊரு அது. அதை விட்டுட்டு நெருப்பு மலையைப் பாக்க இழுத்துட்டுப் போன. நெஞ்சு வலிக்காரனை ஏத்தி எறக்கிக் கொன்னுட்ட."

கொன்றுவிட்டாய் என்கிற வார்த்தையை ஒரு வருஷமாக ஊர் முதுகுக்குப் பின்னால்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நேருக்கு நேர் கேட்டது இன்றைக்குத்தான். அதோடு விடவில்லை. நாளைக்குப் பண்டாரத்தை வரச் சொல்லியிருக்கிறாராம். திவசத்தோடு ஒரு பரிகாரமும் சேர்த்துச் செய்துவிடுவாராம். நான் ஈரப் புடவையோடு மணையில் உட்கார்ந்து, நான் செய்தது தப்பு என்று மூன்று தடவை சொல்லிக் கும்பிட்டால் போதுமாம்.

நான் சொல்ல மாட்டேன். அதை முதலில் உங்களிடம் சொல்லிவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

உங்களுக்கு அறுபது ஆகப்போகிறது என்றதும் மகள் தீவிலிருந்து போன் செய்தாளே, ஞாபகம் இருக்கிறதா? காரைக்கால் குடும்பத்தில் பெண்ணைக் கொடுத்தோம். அவர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது, மருமகனுக்கு ரீயூனியன் தீவில் வேலை கிடைத்தது, அவளும் போய்விட்டாள். "திருக்கடையூர்ல பண்ணிக்கிறீங்களா, இல்ல ரெண்டு பேரும் இங்க வர்றீங்களா? ரெண்டுல ஒண்ணுதாம்ப்பா என்னால முடியும்" என்றாள்.

ஊர் நினைக்கிறது நீங்கள்தான் கோயிலை மறுத்தீர்கள் என்று. நீங்களா மறுத்தீர்கள்? "ஒரு நாள் கூத்துதானே, போய்ட்டுதான் வந்துடுவோமே. அக்காவும் ஆசைப்படுது" என்று வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னீர்கள். எனக்கு வந்ததே ஒரு கோபம்.

நம் கல்யாணம் கட்சி மன்றத்தில் நடந்தது. புது ஆட்சி வந்து, இப்படிப்பட்ட கல்யாணமும் செல்லும் என்று சட்டம் போட்டிருந்த புதிது. ஐயர் இல்லை, மேளம் இல்லை, தாலியும் இல்லை. மாலை மாற்றிக்கொண்டோம், கலர் குடித்தோம், நீங்கள் என்னை உட்கார வைத்துவிட்டு அரைமணி நேரம் பேசினீர்கள். பேசிவிட்டு நீங்கள் கூட்டத்துக்குப் போய்விட்டீர்கள். குளத்துப் படித்துறையில் அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். வெறுங்கழுத்துக்காரி வருகிறாள் என்று குடத்தைத் தள்ளி வைப்பார்கள்.

கூலிச் சண்டை வந்த வருஷம் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து மிராசுதார் அறுவடைக்கு இறக்கினார். நீங்கள் எல்லாரும் வரப்பில் குறுக்கே உட்கார்ந்தீர்கள். போலீஸ் வேனில் அள்ளிக்கொண்டு போய் திருச்சி ஜெயிலில் போட்டார்கள். அன்றைக்கும் இதே அக்கா வந்து நின்று, "கழுத்துல ஒண்ணு கெடந்திருந்தா அது காப்பாத்தியிருக்கும்" என்றார். அந்த வேனில் போன மற்ற ஆண்களின் பெண்டாட்டிகள் எல்லாருடைய கழுத்திலும் தாலி இருந்தது. அது ஒருத்தனையும் வேனிலிருந்து இறக்கிவிடவில்லை.

அதனால்தான் உங்களிடம் சொன்னேன்: "அன்னைக்குக் கட்டாததை இன்னைக்குக் கட்டிக்கிட்டா, அத்தனை வருஷம் நான் வெறுங்கழுத்தோட நின்னது பொய்யாப் போயிடும்ங்க. அந்தக் கோயில் வாசல்ல நம்ம அப்பன்மாரு எவ்வளவு தூரத்துல நின்னாங்கன்னு யோசிச்சீங்களா?" நீங்கள் வெற்றிலையை மென்று முடித்தீர்கள். அப்புறம் சொன்னீர்கள்: "பொறந்ததுலேர்ந்து மேடு பள்ளமே பாக்காதவன் நான். சரி, மலையைப் பாப்போம்."

உண்மைதான். நம் சீமையில் எங்கே மலை இருக்கிறது? அம்மி கொத்துகிற கல்லுக்குக்கூட வெளியூர்க் கல்தான். தண்ணீர் மேலேயிருந்து விழுவதைப் பார்க்க வேண்டுமென்றால் ஆற்று மதகுக்குப் போக வேண்டும்.

தஞ்சாவூர் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, மெதுவாக நடந்தால் தாராளமாகப் போகலாம் என்றார். போனோம். தீவைச் சுற்றிக் காட்டுகிற வேனில் மகள் நம்மை ஏற்றினாள். வெள்ளைக்காரக் கிழவன் கிழவிகள் ஊன்றுகோலும் தொப்பியுமாக முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்கள். வழிகாட்டிப் பையன், பையன் என்றால் நாற்பது வயசு, நம்மைப் போலவே கறுப்பு. சட்டையில் குத்தியிருந்த பெயரை மகள் படித்துக் காட்டினாள். மாரிமுத்து. வாயைத் திறந்தால் முழுக்க பிரெஞ்சு. பாட்டனுக்குப் பாட்டனைக் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார்களாம். காரைக்கால் துறைமுகம் என்பது மட்டும் தெரியும், ஊர் தெரியாது என்றான். நீங்கள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். "நம்ம பக்கத்து ஆளுதான். எவன் பண்ணையிலேர்ந்து தப்பிச்சு ஓடினானோ" என்றீர்கள்.

காலையில் மலை உச்சி. எரிமலையின் வாயை மேகம் மூடியிருந்தது. குரங்குக் குல்லாயோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். மேகம் கொஞ்சம் விலகி உள்ளே கறுப்பாகத் தெரிந்தபோது, "நெல்லு போரடிச்ச களம் மாதிரி இருக்கு" என்றீர்கள். எனக்குக் குளிரில் பல் கிட்டிவிட்டது, வேறொன்றும் தோன்றவில்லை.

அருவிக்கு வந்ததும்தான் உங்களுக்குக் கோபம் வந்தது. பார்க்கிற இடமெல்லாம் தண்ணீர். ஒன்று விழுந்து முடிவதற்குள் வளைவில் இன்னொன்று. எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் மகளைக் கூப்பிட்டு, "இந்தத் தண்ணி எங்க போகுதுன்னு கேளு" என்றீர்கள். கடலுக்கு என்று பதில் வந்தது. "யாரும் மறிக்கலையா? முறை வச்சு விடறதில்லையா?" மாரிமுத்துவுக்குக் கேள்வியே புரியவில்லை. மேட்டூர் எப்போது திறப்பார்கள் என்று வானொலிக்குக் காது கொடுத்துக் கிழவனானவர் கேட்கிற கேள்வி அவனுக்கு எப்படிப் புரியும்? கடைமடைக்குத் தண்ணீர் வராமல் கருகின பயிரையெல்லாம் நினைத்துக்கொண்டீர்கள் போல. அருவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு வாழைப்பழம் தின்றீர்கள்.

சாயங்காலம்தான் அந்த இடம். சாலையின் இரண்டு பக்கமும், கண்ணுக்கு எட்டியவரை, கறுப்பாக உறைந்த எரிமலைக் குழம்பு கடலுக்குள் இறங்கியிருந்தது. தூறல் விழுந்த இடத்திலெல்லாம் ஆவி கிளம்பியது. வழிகாட்டி சொல்லச் சொல்ல மகள் தமிழில் சொன்னாள். சில வருஷத்துக்கு முன்னால் மலை வெடித்துக் குழம்பு கடலில் விழுந்ததாம். கடைசியில் தெரிகிற தரை அப்போது பிறந்ததாம், அதற்கு முன்னால் அங்கே கடல்தானாம்.

உங்கள் முதுகு நிமிர்ந்ததைப் பார்த்தேன். "யார் பேர்ல இருக்குன்னு கேளு."

ஆயுசு முழுக்கத் தாலுகா ஆபீசில் கேட்ட கேள்வி அது. உச்சவரம்புச் சட்டம் வந்ததும் மிராசுதார் வீட்டு நிலம் சமையல்காரன் பெயருக்கும், செத்துப்போன அத்தை பெயருக்கும், பிறக்காத பிள்ளை பெயருக்கும் மாறியதைத் தோண்டி எடுத்தவர் நீங்கள். மாரிமுத்து தோளைக் குலுக்கிவிட்டு, யார் பெயரிலும் இல்லை, சர்க்கார் வேண்டுமானால் சொல்லிக்கொள்ளும் என்றான். "அதுக்குள்ளயும் சர்க்காரா?" என்று விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

வயசானவர்கள் வேனிலேயே இருக்கலாம், பாறை கரடுமுரடு என்று அவன் சொன்னதை மகள் உங்களிடம் சொன்னாள். நானும் சொன்னேன், இல்லை என்று சொல்லவில்லை. "ஏங்க, இங்கேர்ந்தே தெரியுதே" என்றேன். நீங்கள் மகள் வாங்கித் தந்த வார் வைத்த செருப்பை இறுக்கிக்கொண்டே பதில் சொன்னீர்கள். "பட்டா இல்லாத நிலத்தை இத்தனை வருஷத்துல இப்பத்தான் பாக்கறேன். மிதிக்காம போனா நான் எதுக்குப் பொறந்தேன்?"

நான் உங்களை இழுத்துக்கொண்டு போனதாகச் சொல்கிறார்கள். நீங்கள்தான் என் கையைப் பிடித்தீர்கள். கல்யாணத்தன்றுகூட நாலு பேர் முன்னால் பிடிக்காத கை.

பாதி வழியில் மூச்சு வாங்கியது. நின்றோம், மாத்திரை போட்டுக்கொண்டீர்கள், நடந்தோம். கடைசிப் பாறையில் ஏறி, காலைத் தூக்கித் தூக்கி மிதித்தீர்கள். "செருப்போட மிதிக்கிறேன் பாரு" என்றீர்கள். ஏன் என்று எனக்குத் தெரியும். சின்ன வயசில் உங்கள் அப்பா எங்கிருந்தோ உங்களுக்கு ஒரு ஜோடிச் செருப்பு வாங்கி வந்தார். மிராசுதார் தெருவைக் கடக்கும்போது அக்கா அதைத் தன் புல்லுக்கட்டுக்குள் ஒளித்துக்கொண்டு வருவார். ஒரு நாள் நீங்கள் கேட்காமல் போட்டுக்கொண்டு நடந்தீர்கள். மிராசுதாரின் காரியக்காரர் அந்தச் செருப்பையே உங்கள் கழுத்தில் மாட்டித் தெருவைச் சுற்ற விட்டார். தலையில் புல்லுக்கட்டோடு அக்கா பின்னாலேயே அழுதுகொண்டு வந்தார்.

உங்களுக்கு அறுபது என்று மகள் சொன்னதும் மாரிமுத்து என்ன செய்தான்? பாறையிலேயே குனிந்து நம் காலில் விழுந்துவிட்டான். பாஷை போய்விட்டது, ஊர் பெயர் போய்விட்டது, இது மட்டும் போகவில்லை. நீங்கள் பதறிப்போனீர்கள். "எந்திரிப்பா. கால்ல விழாதன்னு சொல்லத்தான் ஆயுசு பூரா கூட்டம் போட்டேன்" என்று தூக்கிக் கட்டிக்கொண்டீர்கள். பிறகு குனிந்து ஒரு கல்லை எடுத்தீர்கள். எடுக்கக் கூடாது, மலை கோபித்துக்கொள்ளும் என்றான். "நம்ம மேல இல்லாத கேஸா" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டீர்கள். அவன் கடல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஊருக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் நன்றாகத்தான் இருந்தீர்கள். ஒரு மத்தியானம் சாப்பிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கும்பிடாத சாமி ஒன்று, கல்லைத் திருடக் கொடுத்த மலை ஒன்று, இரண்டும் சேர்ந்து உங்களைப் பழிவாங்கியதாக ஊர் சொல்கிறது. நிலத்தையும் தண்ணீரையும் மறித்து வைத்திருந்தவன் எல்லாம் தொண்ணூறு வயசு வரை வாழ்ந்தான். அவனை எந்தச் சாமியும் கண்டுபிடிக்கவில்லை. அன்றைக்குச் சடங்கு செய்ய வந்த பெண்கள் என் கழுத்தைத் தடவித் தேடினார்கள், பாவம். கட்டியிருந்தால்தானே அறுப்பதற்கு? அந்த நேரத்திலும் எனக்கு அது பெருமையாக இருந்தது.

இதுவரை எழுதிவிட்டு எழுந்துபோய், இவ்வளவையும் அக்காவிடம் சொன்னேன். கத்தித்தான் சொன்னேன். "நீங்க பண்டாரத்தை மட்டுமில்ல, ஆதீனத்தையே கூட்டிட்டு வாங்க அண்ணி. தப்புன்னு என் வாயிலேர்ந்து வராது. அவர் நடந்தார். அவரா நடந்தார்."

அக்கா, "அந்த எடத்துல செருப்போடயா நடந்தான்?" என்று கேட்டார்.

"செருப்போடதான் அண்ணி. மிதிச்சு மிதிச்சு நடந்தாரு."

"யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

"அங்க சொல்றதுக்கு ஆளே இல்ல."

உங்களுக்குத் தெரியுமே, மிராசுதார் வீடு பூட்டிக் கிடந்து எத்தனையோ வருஷமாகிறது. தெருமுனையில் செல்போன் கடை வந்துவிட்டது. ஆனாலும் பஸ்ஸை விட்டு இறங்கி அந்த முனைக்கு வந்தால் அக்காவின் கை தானாகச் செருப்பைக் கழற்றிவிடும். நேற்றும் இடுக்கிக்கொண்டுதான் வந்தார். கேட்டால் மண்ணு சூடு காலுக்கு நல்லது என்பார்.

கொஞ்ச நேரத்தில் எழுந்து போய், தட்டிலிருந்த கல்லை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். விபூதியைக் கழுவினார். சேற்றில் நின்று நின்று பாளம் பாளமாக வெடித்த குதிகாலைக் கல்லில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். "பண்டாரம் வரட்டும். வந்து சாப்புட்டுட்டுப் போகட்டும். தப்பு கிப்பெல்லாம் வேணாம்" என்றார், என்னைப் பார்க்காமல்.

உங்கள் செருப்பைப் பரணில் வைத்திருக்கிறேன். அடியில் ஒட்டின கறுப்புத் தூளைத் தட்டவே இல்லை. பண்டாரம் வந்தாலும் வராவிட்டாலும், அதை என்னிடமிருந்து யாரும் வாங்க முடியாது. நாளைக்கு உங்களைப் புதைத்த இடத்துக்குப் பூ கொண்டுபோக வேண்டும். மிராசுதார் தெரு வழியாகத்தான் போக வேண்டும்.

"தம்பி போட்டுட்டு நடந்தானே, அந்தச் செருப்பு இருக்கா?" என்று குழாயடியிலிருந்தே அக்கா கேட்டார்.

"இருக்கு. உங்களுக்குப் பெருசா இருக்கும் அண்ணி."

"இருக்கட்டும். வாரை இழுத்துக் கட்டு."