நான் ஆள் சொல்லாத சீட்டு

உம்முடைய சீட்டுக்கட்டில் இன்னும் தைலம் மணக்கிறது. முழங்காலுக்குப் பூசிய கையால்தானே எல்லாச் சீட்டையும் தொடுவீர். இன்று காலை கேத்திலைப் போட்டுவிட்டு, குசினி மேசையில் கட்டு இருக்கும் பிஸ்கட் டின்னைத் திறந்தேன். நீர் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்ததுபோல அந்த மணம். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நேற்று நடந்ததைக் கேட்டால் உமக்கும் வரும்.

நீர் தொடங்கிய சனிக்கிழமை நாடகக் கூட்டத்தை இப்போது நிவேதா நடத்துகிறாள். தமிழ்நாட்டுப் பிள்ளை, கணினி வேலை. நகரத்தின் மறுகோடி பொயிண்ட் குக்கிலிருந்து இங்கே கிரெய்கிபர்ன் வரைக்கும் கார் ஓடி வந்து, கதிரை அடுக்கி, போகும்போது மண்டபத்தைக் கூட்டியும் விட்டுப் போகிறாள். அதனால் ஏசவும் முடியவில்லை. நேற்று உம்முடைய சாத்திரப் படச் சீட்டுகளை, அந்த டாரட் சீட்டுகளை, பரப்பி வைத்து, வெள்ளைப் பலகையில் எழுதினாள். முட்டாள் என்றால் புதுத் தொழில் தொடங்கும் துணிவு. இடிந்து விழும் கோபுரம் என்றால் பழைய சந்தையை உடைக்கும் புது யோசனை. தலைகீழாகத் தொங்குபவன் என்றால் வேறு கோணத்தில் சிந்திப்பது. எல்லோரும் தலையாட்டி எழுதிக்கொண்டார்கள்.

எங்களுக்குத் தொங்குபவன் ஆர்? விசா முடிவுக்குக் காத்திருந்த மன்னார்ப் பொடியன். காலில் கட்டு, முகத்தில் மாறாத சிரிப்பு. கோபுரம் ஆர்? புதுவீட்டுக் குடிபூரல் முடிந்த கையோடு பிரிந்துபோன அந்தச் சோடி. அப்படித்தானே நாங்கள் நாடகம் எழுதினோம்.

நகரத்தில் நீர் துப்புரவு வேலை செய்த விளம்பரக் கம்பனிக் கந்தோரின் குப்பைக்கூடையில் கிடந்த கட்டு அது. யோசனை வருவதற்கென்று வாங்கி, வராததால் எறிந்துவிட்டார்கள் என்று சிரித்தீர். கூட இருந்த விளக்கப் புத்தகத்தை நீரே திரும்பக் குப்பையில் போட்டீர். தேவாலயப் பங்குச் சுவாமி கேள்விப்பட்டு விசாரித்தபோது, "சுவாமி, நாங்கள் சாத்திரம் பாக்கேல்லை, ஆக்களைப் பாக்கிறம்" என்றீர்.

உமக்கு ஒரே சட்டம். சீட்டை இழுத்தவர், "இது ஆர்?" என்ற கேள்விக்குத் தனக்குத் தெரிந்த ஒரு ஆளைச் சொல்லவேண்டும். சொல்லாதவருக்குத் தேத்தண்ணி இல்லை. "யோசனை சும்மா வராது, ஒரு ஆளின்ர முகத்தோடதான் வரும்" என்பீர். இறைச்சித் தொழிற்சாலையில் நின்றபடி நானாகவே எழுதப் பழகியவள் நான். எனக்கு ஒருவரும் எழுத்துச் சொல்லித் தந்ததில்லை, தரவும் விட்டதில்லை. ஆனாலும் அந்தச் சட்டத்துக்கு மட்டும் கட்டுப்பட்டேன்.

நேற்று பார்த்தால் கட்டில் பதின்மூன்றாம் சீட்டு இல்லை. எலும்புக்கூடு குதிரையில் வரும் சாவுச் சீட்டு.

"பெரியவங்க மனசு கஷ்டப்படும்னு தனியா எடுத்து வச்சிட்டேன் ஆன்ட்டி," என்றாள் நிவேதா. "அதோட, அது நிஜமான சாவு இல்ல. மாற்றம்னு அர்த்தம்."

அதோடு விட்டாளா? நீரும் நானும் முடிக்காமல் விட்ட நாடகத்தின் கடைசிக் காட்சியைக் கணினியிடம் எழுதி வாங்கி வந்திருந்தாள். மகனுடைய வீட்டில் தனக்கென்று ஒரு கதிரை போட ஆசைப்படும் எங்கள் கிழவியின் கதை. கணினியின் முடிவில் மகனும் மருமகளும் கட்டிப்பிடிக்கிறார்கள், புல்லாங்குழல் கேட்கிறது, வெறும் கதிரையில் வெளிச்சம் விழுகிறது.

"கிழவி எங்க?" என்று கேட்டேன்.

"அவங்க போயிட்டாங்க ஆன்ட்டி. இனிமே அந்த நாற்காலிதான் அவங்க. சிம்பாலிக்கா."

"அவள் அதில ஒருக்காக்கூட இருக்கேல்லையே பிள்ளை! இருக்க விடாமலே சாக்காட்டிப்போட்டியள்."

பின்வரிசையிலிருந்து எங்கள் பழைய நடிகர், அந்த ஓய்வுபெற்ற பஸ் சாரதி, குரல் கொடுத்தார். "அன்ரி, நீங்களும் எழுதித் தாறியள் இல்லை, எழுதினதைப் போடவும் விடுறியள் இல்லை. சனம் என்ன, உங்கட முகத்தைப் பாக்கவோ வாறது?"

எல்லோரும் சிரித்தார்கள். என்னை அன்ரி என்று கூப்பிட அவருக்கென்ன, என்னைவிட மூத்த மனுசன்!

"அடுத்த சனிக்கிழமைக்குள்ள நீங்க எழுதிட்டா அதைப் போடலாம்," என்றாள் நிவேதா. "இல்லன்னா இதுதான் ஆன்ட்டி. ஹால் புக் பண்ணியாச்சு."

டின்னை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தச் சீட்டை மட்டும் ஒரு வெள்ளை உறையில் போட்டு, தொற்றுநோய்போலத் தனியாகத் தந்தாள்.

அன்று கடைசிக் காட்சிக்கு அதை இழுத்தது நான்தான். உம்முடைய குசினியில். மருந்தால் முடி கொட்டி, நீர் கம்பளித் தொப்பி போட்டிருந்த நாட்கள்.

"இது ஆர்?" என்றீர்.

"தெரியாது."

"பொய் சொல்லாதையும். மாற்றம் கீற்றம் எண்டு மழுப்பவும் வேண்டாம். சாவுதான். ஆர்?"

நான் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீர் விடவில்லை, நானும் ஆள் சொல்லவில்லை. கடைசியில், "சரி, உமக்கு இண்டைக்குத் தேத்தண்ணி இல்லை" என்று சொல்லி, இரண்டு கோப்பையையும் உமக்கு முன்னால் இழுத்து வைத்துக்கொண்டீர். இரண்டையும் குடிக்க உம்மால் முடியவில்லை. ஆறிப்போனதை நான்தான் ஊற்றிக் கழுவினேன்.

அதற்குப் பிறகு அந்தக் காட்சியில் ஒரு வரியும் எனக்கு வரவில்லை. கணினிக்கு வந்தது. வராமல் என்ன? அதற்குச் சாக ஆர் இருக்கிறார்கள்?

நிவேதா பலகையில் எழுதியதையெல்லாம் நான் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். உம்முடைய கேள்வியைத்தான் மண்டபத்திலும் பஸ்ஸிலும் இந்தக் குசினியிலும் காவிக்கொண்டு திரிகிறேன். இறக்கி வைக்க இடமில்லை. அடுத்த சனிக்கிழமை அந்தக் கிழவி கதிரையில் இருக்கவேண்டும். சாய்ந்து, காலை நீட்டி, மருமகளிடம் தேத்தண்ணி கேட்கவேண்டும். அதன் பிறகு சாகட்டும்.

கேத்தில் கொதித்து நின்றுவிட்டது. சீட்டு முன்னால் கிடக்கிறது. இது ஆர்? மனம் ஆறிச் சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம், கோபத்தோடுதான் சொல்கிறேன்.

நீர்.

இனி அந்தக் கோப்பையில் ஒன்றை இந்தப் பக்கம் தள்ளும்.