என் குரலில் எட்டு ஆமா

மார்ச் 4
ஸ்டுடியோவில் அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. கோரஸுக்கு வரவேண்டிய மற்ற இருவரும் வரவில்லை. மூன்று குரலையும் நானே பாடிக் கொடுத்தேன். "ஆமா ஆமா" நாலு தடவை, கடைசியில் ஒரு சிரிப்பு. "கொஞ்சம் வெக்கப்பட்டு சிரிங்கக்கா" என்றார் ஒலிப்பதிவாளர். எதற்கு ஆமா, யாருக்கு ஆமா என்று கேட்கவில்லை. எங்கள் வரி மட்டும்தான் எங்கள் கைக்கு வரும். பதினாறு வருடமாக அப்படித்தான்.

ஏப்ரல் 11
பஸ்ஸில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். என் குரலாச்சே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிறகுதான் பாடகன் பாடுவது காதில் விழுந்தது. "நாலு அறை விட்டாத்தான் வழிக்கு வருவா" — ஆமா ஆமா. "வேணாம்னு சொன்னா வேணும்னு அர்த்தம்" — ஆமா ஆமா. அப்புறம் சிரிப்பு. என் சிரிப்பு. பக்கத்து சீட்டுக்காரர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். ரெண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தேன்.

ஏப்ரல் 12
"உன் பேரா போட்டிருக்கு? விட்டுத்தள்ளு" என்கிறார் வீட்டுக்காரர். பேர் இல்லைதான். குரல்?

ஏப்ரல் 13
"அம்மா, அந்தப் பாட்டுல சிரிக்கிறது நீதானே?" என்றாள் மகள். இல்லை என்றேன். வாய் கூசாமல்.

ஏப்ரல் 19
மகள் பள்ளியிலிருந்து பாதியிலேயே வந்துவிட்டாள். கூடப் படிக்கிறவன் ஒருத்தன் சடையைப் பிடித்து இழுத்திருக்கிறான். வேணாம், விடு என்று கத்தியிருக்கிறாள். இன்னொருத்தன் செல்போனில் அந்தப் பாட்டைப் போட்டிருக்கிறான். "நான் வேணாம் வேணாம்னு கத்துறேன். நீ ஆமா ஆமாங்கிற. சிரிக்கிற வேற."

என்ன பண்ணி வெச்சிருக்கேன் நான்? பெத்த பொண்ணு கத்தும்போது —

ஏப்ரல் 20
தலைமை ஆசிரியையைப் பார்த்தேன். பையன்களின் பெற்றோரைக் கூப்பிட்டிருக்கிறார். அங்கிருந்து நேராக ஸ்டுடியோ. என் குரலை எடுத்துவிடுங்கள் என்றேன். "பாட்டு எங்கேயோ போயிடுச்சுக்கா, இப்பப் போயி..." என்று சிரித்தார் இசையமைப்பாளர். வீட்டுக்கு வந்து, "நான்தான் பாடினேன். உங்கிட்ட பொய் சொல்லிட்டேன்" என்றேன். மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மே 9
மகளுக்குச் சாப்பிடும்போதுகூட என்னிடம் பேச்சில்லை.

ஜூன் 22
ரெண்டு மாதம் கழித்து இசையமைப்பாளரிடமிருந்து போன், ஒரு புதுப் பாட்டுக்குக் கோரஸ் பாடச் சொல்லி. முழுப் பாட்டையும் அனுப்புங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். "இதென்னக்கா புதுப் பழக்கம்? அப்ப நான் வேற ஆளப் பாத்துக்கறேன்." வைத்துவிட்டார். மகள் எதிரே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள், "வேணாம்னுட்டியாம்மா?"

அம்மா என்ற வார்த்தை எங்கள் வீட்டில் புழங்கி நாளாகிறது.

"ஆமா" என்றேன்.