நெருப்பில் போட்ட கதை நோட்டு

மச்சான்,

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சர்ச் ஹாலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். மேடை ஓரத்தில் கறுப்பு சார்ட் பேப்பரில் செய்த கூம்புத் தொப்பி ஒன்று கிடந்தது. வெள்ளி ஜிகினாவில் நட்சத்திரங்கள் ஒட்டியிருந்தார்கள். பசை காயவில்லை, கையில் ஒட்டியது. பிள்ளைகளின் விடுமுறை வேதாகமப் பள்ளி நாடகத்துக்காம். கதையில் ஒரு மந்திரவாதி வருகிறானாம். தொப்பியை எடுத்துக் கொடுத்ததும் புதிதாக வந்திருக்கும் இளம் பாஸ்டர் அதைத் தன் தலையிலேயே வைத்துக்கொண்டு சிரித்தார். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். நான் வெளியே வந்து தண்ணீர்த் தொட்டிப் பக்கம் உட்கார்ந்துகொண்டேன். அந்தத் தொட்டி இருக்கிற இடத்தில்தான் பதினாறு வருஷத்துக்கு முன் நெருப்பு மூட்டினோம்.

உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த இரண்டு விஷயங்களை அங்கே உட்கார்ந்தபடி நினைத்துக்கொண்டிருந்தேன். நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. இனி உன்னிடம் இப்படித்தான் சொல்ல முடியும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நாம் வேலை பார்த்த டூல் ரூமில் நீ கிரைண்டிங், நான் ஃபிட்டர். ஆவடியில் ஏறி பட்டரவாக்கத்தில் இறங்குவோம். மற்றவர்கள் சீட்டாடும்போது நீ ஜன்னல் ஓரம் பழைய இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை விரித்துக்கொள்வாய். அட்டையில் டிராகன் இருக்கும், கோட்டை இருக்கும், நீளத் தாடி வைத்த கிழவன் கோலோடு நிற்பான். ஐ.டி.ஐ. படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு, சட்டைப் பையில் குட்டி அகராதியோடு வரிவரியாகப் படிப்பாய். மகள் ஜெனிக்குத் தமிழில் சொல்வதற்காக அந்தப் பாடு. அவளுக்குச் சொல்லும் முன் என்னிடம் சொல்லிப் பார்ப்பாய். ஒருநாள் நீ சொன்ன கதையைக் கேட்டுக்கொண்டே இருந்து, கொரட்டூர் வந்த பிறகுதான் நம் ஸ்டேஷன் போய்விட்டது தெரிந்தது. அன்று அரை மணி நேரம் தாமதம். சூப்பர்வைசர் திட்டியபோதும் நாம் சிரித்தோம். உன் கதைகளை முதலில் கேட்டவன் நான். அதை யாரிடமும் நான் ஒத்துக்கொண்டதில்லை.

எனக்குப் பயம் இருந்தது, மச்சான். நீ பிறந்ததே கிறிஸ்தவ வீட்டில். நான் குத்தம்பாக்கத்தில் பயிர் வைத்த குடும்பம். அப்பா படுக்கையில் விழுந்தபோது யாரோ செய்வினை என்றார்கள். அம்மா ஒரு மந்திரவாதியைக் கூட்டி வந்தாள். அவன் எங்கள் வாசற்படிக்குக் கீழே தோண்டி, எழுத்து கீறிய செப்புத் தகடு ஒன்றை எடுத்துக் காட்டினான். எனக்குப் பத்து வயது. அவனே கையில் கொண்டுவந்திருப்பான் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு அந்த வீட்டில் தூங்கவே பயந்தேன். ஞானஸ்நானம் எடுத்தபோது இடுப்பில் இருந்த தாயத்தை அறுத்துப் போட்டுவிட்டுத்தான் தண்ணீரில் இறங்கினேன். மந்திரம் என்ற சொல் உனக்குக் கதை. எனக்கு அது படிக்குக் கீழே புதைந்திருந்த ஒன்று.

தமிழில் டப் செய்த ஒரு மாயாஜாலப் படத்துக்கு நீ ஜெனியைக் கூட்டிப்போனது தெரிந்ததும் ஸ்டேஷனில் வைத்துக் கேட்டேன். "விசுவாசி ஊட்டுப் புள்ளைக்கு சூனியக்காரன் படம் காட்டலாமா?"

நீ கோபப்படவில்லை. "இன்னா மச்சான், படத்துல கோல் ஆட்றவன் எவன் ஊட்டு வாசல்ல தகடு பொதைச்சான்? தகடு பொதைக்கிறவன் கோட்டுசூட்டு மாட்டிக்கினு படத்துல வரமாட்டான். அந்தக் கதையில ராஜா தன் ஜனத்துக்காகச் சாவுறான். எங்கயோ கேட்ட கதையா இல்ல உனக்கு?"

பதில் தெரியாதபோது வரும் கோபம் ஒன்று உண்டு. அதை வைத்துக்கொண்டு நடந்தேன்.

அந்த வருஷம்தான் ஜெனிக்கு வலிப்பு வந்தது. எட்டு வயது. மூன்று தடவை வந்த பிறகு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, ஒருநாள்கூடத் தவறக் கூடாது என்றார். அடுத்த மாதம் நம் சர்ச்சில் மூன்று நாள் சிறப்புக் கூட்டம். வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வந்தார். அவரைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு. சனிக்கிழமை காலை இட்லி கொண்டுபோனபோது, விசேஷமாக ஜெபிக்க வேண்டிய குடும்பம் ஏதாவது உண்டா என்று கேட்டார். உன் குடும்பத்தைச் சொன்னேன். ஜெனியைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அவங்க ஊட்டு அலமாரியில மேல்தட்டு பூரா மந்திரக் கதைப் புத்தகம் ஐயா" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுச் சட்னி கேட்டார்.

அன்று சாயங்காலம் நீ இரண்டாவது ஷிஃப்டில் இருந்தாய். பிரசங்கியார் மேடையில் கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவர் ஒரு வீட்டைக் காட்டுகிறார். ஒரு சின்னப் பெண் அடிக்கடி விழுகிறாள். அலமாரியின் மேல்தட்டில் மாயவித்தைப் புத்தகங்கள் இருக்கின்றன" என்றார். உன் மனைவி எழுந்து நின்றாள். வெளியூர்க்காரருக்கு அது எப்படித் தெரியும்? ஆண்டவர் காட்டியிருக்கிறார். எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். மேல்தட்டு என்ற வார்த்தை என் வாயிலிருந்து போனது என்று தெரிந்தும் நானும் அல்லேலூயா சொன்னேன். உன்னிடம் சொல்லாத முதல் விஷயம் இது.

மறுநாள் நீ ஓவர்டைம் போயிருந்தாய். காலையில் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி புத்தகங்களை அரிசிச் சாக்கில் கட்டி வைத்திருந்தாள். "அவரு வந்தா தரமாட்டாரு அண்ணா. இப்பவே எடுத்துக்கினு போங்க" என்றாள். சாக்கின் மேலே, பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்ட நோட்டு ஒன்று இருந்தது. லேபிளில் ஜெனியின் பெயர், உன் கையெழுத்தில்.

ஆராதனை முடிந்ததும் காம்பவுண்டில் நெருப்பு மூட்டினோம். எபேசு பட்டணத்தில் மாயவித்தைக்காரர்கள் தங்கள் புத்தகங்களைக் கொளுத்திய பகுதியை வேதாகமத்திலிருந்து பிரசங்கியார் வாசித்தார். ஒருவர் ஜாதகக் கட்டைக் கொண்டுவந்து போட்டார். ஒரு அம்மா, டிராகன் படம் போட்ட பிள்ளையின் டிபன் பாக்ஸைப் போட்டாள். பிளாஸ்டிக் உருகி நாறியது. உன் புத்தகங்களை ஒவ்வொன்றாக நான் போட்டேன். கடைசியாக நோட்டைக் கையில் எடுத்தேன். அதையும் போட்டேன். நடுவில் நடந்ததைப் பிறகு சொல்கிறேன்.

நீ அரை நாளில் திரும்பிவிட்டாய். வீட்டுக்குப் போய் அலமாரியைப் பார்த்துவிட்டு நேராக வந்திருக்க வேண்டும். கையில் சாப்பாட்டுப் பையோடு கேட் பக்கம் நின்றாய். சாம்பலைப் பார்த்து, "நோட்டுமா?" என்று மட்டும் கேட்டாய். நான் காலிச் சாக்கை மடித்தேன். "அதுல மந்திரம் ஒண்ணும் இல்ல மச்சான். என் கையெழுத்துதான் இருந்துச்சு" என்றாய்.

அது மட்டும் என்றால்கூட ஒருநாள் உன் முன்னால் வந்து நின்றிருப்பேன். பிரசங்கியார் ஊருக்குக் கிளம்பும்போது உன் மனைவியின் தலையில் கை வைத்து, இனி மாத்திரையை நம்பாதே, ஆண்டவரை விசுவாசி என்றார். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் பக்கத்தில்தான் நின்றேன். டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். நீயே என்னிடம் சொல்லியிருந்தாய். பேசாமல் நின்றேன். அவள் உனக்குத் தெரியாமல் மாத்திரையை நிறுத்தினாள். நாலாவது நாள் ஜெனி விழுந்தவள் எழவில்லை. வலிப்பு விடாமல் வந்தது. ஆட்டோவில் அவளை மடியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினாய். நான் வந்தபோது டாக்டர் மாத்திரையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். உன் மனைவி அழுதுகொண்டே சொன்னாள். நீ என்னைப் பார்த்தாய்.

"நீயும் கேட்டுக்கினுதான் இருந்தியா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். நீ வெளியே போனாய். திரும்பி வந்தபோது கையில் மூன்று டீ இருந்தது. ஒன்றை என்னிடம் நீட்டினாய். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜெனி பிழைத்துவிட்டாள். நீ வேறு சர்ச்சுக்குப் போனாய். ரயிலில் வேறு பெட்டியில் ஏறினாய். எதிரே பார்த்தால் சிரிப்பாய், அவ்வளவுதான். கிட்னி போய் நீ படுத்திருந்தபோது ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பார்க்க வந்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்க ஊர்ல பெரிய பஸ் ஸ்டாண்டு கட்டிக்கினு கீறாங்களாமே" என்று பேச்சை ஆரம்பித்தாய். எனக்கு உதவி செய்வதாக நினைத்திருப்பாய். நான் அதைப் பிடித்துக்கொண்டு ரோடு, பாலம், மனை விலை என்று பார்வையாளர் நேரம் முடியும்வரை பேசினேன். அடுத்த வாரம் நீ போய்விட்டாய்.

போன ஞாயிறு தொட்டியடியிலிருந்து எழுந்து உன் வீட்டுக்குத்தான் போனேன். ஜெனி இப்போது எஸ்டேட் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். மாத்திரையை டாக்டரே நிறுத்தி வருஷங்கள் ஆகிவிட்டன. இரண்டு பேரையும் உட்கார வைத்து, அலமாரியைப் பற்றிப் பிரசங்கியாரிடம் சொன்னது நான்தான் என்றேன்.

உன் மனைவி கேட்டாள்: "அப்போ அது ஆண்டவர் காட்டுனது இல்லியா அண்ணா?"

"இல்ல சிஸ்டர். காலையில நான் சொன்னேன். சாயங்காலம் அவர் சொன்னாரு."

"ஆண்டவர் சொன்னாருன்னுதான் மாத்திரைய நிறுத்துனேன். இத்தினி வருஷமா என் பொண்ண நானே கொல்லப் பாத்தேன்னு சொல்லிக்கினு கீறேன்" என்றாள். எழுந்து உள்ளே போனாள். நான் இருந்தவரை வெளியே வரவில்லை.

ஜெனி அழவில்லை. "அப்பா அதுக்கப்புறம் எனக்குக் கதையே சொல்லல மாமா" என்றாள். பிறகு கேட்டாள்: "அந்த நோட்ட எரிக்கறதுக்கு முன்னாடி தெறந்து பாத்தீங்களா?"

இதுதான் இரண்டாவது விஷயம், மச்சான். பார்த்தேன். நெருப்பின் பக்கத்தில் நின்றபடி முதல் பக்கத்தைத் திறந்து முழுக்க வாசித்தேன். தப்பாக அதில் ஒன்றுமில்லை என்று தெரிந்தது. உன் மகளுக்கு நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்பதும் தெரிந்தது. "போடுங்க பிரதர்" என்றார் பிரசங்கியார். எல்லோரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெரிந்தேதான் போட்டேன்.

"பாத்தேம்மா. ஒரு பக்கம்."

"ஞாபகம் இருக்கா?"

ஒரு வார்த்தை மறக்கவில்லை. உன் மகளுக்கு அப்படியே சொன்னேன். ஒரு ஊரில் ஒரு சிறுமி இருந்தாள். டிராகன் வானத்தில் போகும்போதெல்லாம் அவள் மட்டும் தடாலென்று கீழே விழுவாள். ஊரார் பேய் பிடித்திருக்கிறது என்றார்கள். அவள் அப்பாவுக்குத்தான் விஷயம் தெரியும். அவள் டிராகன் முதுகில் ஏறிப் போயிருக்கிறாள். திரும்பி வந்து கண் விழிக்கும்வரை அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். தண்ணீர் கொடுத்து, இன்றைக்கு எதுவரைக்கும் போய் வந்தாய் என்று கேட்பான். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். ஒருநாள் அவன் காதருகே வந்து சொன்னாள்.

பக்கம் அங்கே முடிந்திருந்தது. ஜெனி முழங்காலைக் கட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னா, மாமா?"

"தெரியலம்மா" என்றேன். "அடுத்த பக்கத்தை நான் திருப்பல."