வளைந்த புடலங்காய்

ஞாயிறு, 21 செப்டம்பர் 2014

இல்லை, நான் சத்தம் போடவில்லை. போட்டிருக்க வேண்டும்.

இன்று அறுவடைத் திருப்பலி. பியர்ஃபித் புறநகரில் எங்களுக்குள்ள தோட்டத்தில் காய்த்த முதல் புடலங்காயை அம்மா காணிக்கைக்குக் கொண்டுவந்தார். கோவில் செயலாளர் மறித்தார்.

"அக்கா, இது வளைஞ்சு கிடக்கு. லா சப்பல் கடைக்காரர் தந்த பழப்பெட்டி வடிவா இருக்கு. அதை வைப்பம்."

"நுனியிலை கல்லுக் கட்டேல்லை தம்பி, வளைஞ்சிட்டுது. ருசி வளையாது."

அவர் சிரித்துக்கொண்டே காயை, உட்காரும் வாங்கின் கீழே தள்ளினார். கடைப்பெயர் எழுதிய பெட்டி பீடத்தில் ஏறியது. பிறகு, எங்கள் உழைப்பின் பலனை ஏற்றுக்கொள்ளும் என்று எல்லோரும் மன்றாடினோம். நானும்.

வீடு திரும்பும் ரயிலில் அம்மா, "விடு பிள்ளை, கடவுளுக்குத் தெரியும்" என்றார்.

கடவுளுக்குத் தெரியும். செயலாளருக்குத் தெரிய வேண்டாமா?

திருப்பலியில் வாசகம் வாசிப்போர் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்கும்படி, காரணத்தையும் எழுதி, அவருக்கு அனுப்பினேன்.